லீஃப் காருக்குப் பெரிய பேட்டரி போடலாமா?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய நிஸ்ஸான் லீஃப் மின்சாரக் கார் வைத்திருக்கிறேன். 24 கிலோவாட் மணி பேட்டரி. பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் 12 கோடுகளில் 8தான் மிச்சம். இப்போதெல்லாம் கால்வாசி சார்ஜ் இருக்கும்போதே மேட்டில் ஏறினால் சக்தி குறைக்கப்பட்டதைக் காட்டும் ஆமைப் படம் எரிகிறது, வண்டி இழுப்பதில்லை. பிந்தைய மாடலின் 40 கிலோவாட் மணி பேட்டரியை இதில் போட முடியுமா? சீனாவில் சில நிமிடங்களிலேயே பேட்டரியை மாற்றிவிடுகிறார்களே, நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாடு?

பதில்: போட முடியும். ஆனால் எனக்கு உறுத்துவது அந்த ஆமைதான்.

8 கோடு என்றால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொள்ளளவு போய்விட்டது. பேட்டரி சீராக மூப்படைந்திருந்தால் ஓடும் தூரம் குறையும், அவ்வளவுதான். கால்வாசி மிச்சம் இருக்கும்போது வண்டி படுக்காது. உங்கள் பேட்டரிக்குள் இரண்டிரண்டாக இணைத்த 96 ஜோடி செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். ஒரு ஜோடி நலிந்திருந்தாலும் அது முதலில் காலியாகும். அதைக் காப்பாற்ற வண்டி தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். மற்ற 95 ஜோடிகளில் சார்ஜ் இருந்தும் பயனில்லை.

அதனால் பேட்டரிக்கு விலை கேட்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கோளாறு பார்க்கும் இணைப்பு) செருகும் ஒரு சின்ன ப்ளூடூத் கருவியும், போனில் லீஃப்ஸ்பை செயலியும் போதும். சார்ஜ் 25 சதவீதத்துக்கு இறங்கியதும் வேறொருவரை ஓட்டச் சொல்லி மேட்டில் ஏறுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து திரையை மட்டும் பாருங்கள். ஜோடிக்கு ஒன்றாக, அதன் வோல்டேஜைக் காட்டும் 96 கம்பிகள் வரைபடத்தில் வரிசையாக நிற்கும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது எல்லாம் சேர்ந்து இறங்கினால், அது வயது. ஒன்றிரண்டு மட்டும் மற்றவற்றைவிட 200, 300 மில்லிவோல்ட் கீழே போய்விட்டு, காலை எடுத்ததும் எழுந்துவந்தால், ஆள் அகப்பட்டுவிட்டான்.

அப்படியானால் முழு பேட்டரியையும் மாற்றத் தேவையில்லை. 24 கிலோவாட் மணி பேட்டரியில் 48 மாட்யூல்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஜோடி. கெட்ட மாட்யூலை எடுத்துவிட்டு, மற்றவற்றுக்கு ஈடான கொள்ளளவுள்ள பழைய மாட்யூலையே போடலாம். போடும் முன் அதன் வோல்டேஜை மற்றவற்றோடு சமப்படுத்த வேண்டும். இதைச் சோம்பல்பட்டு விட்டுவிடுகிறவர்கள் உண்டு. வண்டி தானாகச் சமப்படுத்தும் வேகம் மிகக் குறைவு, வாரக்கணக்கில் இழுக்கும். மூடியைத் திரும்ப ஒட்டும்போது சீலண்ட் சரியாக இல்லாவிட்டால் தண்ணீர் இறங்கும். இதையும் கேட்டு வாங்குங்கள்.

சரி, எல்லாக் கம்பிகளும் ஒன்றாகவே இறங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போது 40 நல்ல தேர்வு. வெளி அளவு கிட்டத்தட்ட அதே, எடையும் அதே 300 கிலோ சுமார். உள்ளே இதிலும் 96 ஜோடிதான், அதனால் வோல்டேஜ் ஒத்துப்போகும். இந்த இரண்டு பேட்டரிகளுக்குமே திரவக் குளிரூட்டல் இல்லை, கழற்ற வேண்டிய குழாய் எதுவும் கிடையாது. லீஃபுக்கே வந்த 62 கிலோவாட் மணி பேட்டரி வேண்டாம் என்பேன்: தடிமன் கூடுதல், எடை கூடுதல், வண்டியின் வயிறு தரையை நெருங்கும்.

இரும்பு வேலை சுலபம். பேச்சுவார்த்தைதான் கஷ்டம். புது பேட்டரி அனுப்பும் தகவல் பழைய காருக்குப் புரியாது. நடுவில் மொழிபெயர்க்க கேன் பிரிட்ஜ் என்ற சிறு பலகை வேண்டும். அது இல்லாவிட்டால் வண்டி கிளம்பவே கிளம்பாது. பேட்டரி விலையில் இதுவும் சேர்ந்ததா என்று முதலிலேயே கேளுங்கள். பழைய பேட்டரி வாங்குவதானால் அதன் 96 கம்பிகளின் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் பேட்டரி, எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். அப்புறம், உங்கள் காரின் சார்ஜர் 3.3 கிலோவாட் என்றால் புது பேட்டரி நிரம்ப 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

வீட்டில் நீங்களே கழற்றலாமா என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: கூடாது. மின் இணைப்பைத் துண்டிக்க வைத்திருக்கும் சர்வீஸ் பிளக்கை உருவினால் பேட்டரி இரண்டு பாதியாகப் பிரியும், அவ்வளவுதான். ஒவ்வொரு பாதியிலும் சுமார் 180 வோல்ட் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

நீங்கள் சொன்னபடி பேட்டரி மாற்றும் சீனாவின் நியோ கார்களில் பூட்டும் போல்ட், மின் இணைப்பு, குளிரூட்டும் இணைப்பு எல்லாமே இயந்திரம் கழற்றிப் பூட்டுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. உங்கள் லீஃப் அப்படிப் பிறக்கவில்லை. 2007இல் தொடங்கிய பெட்டர் பிளேஸ் நிறுவனம் இஸ்ரேலிலும் டென்மார்க்கிலும் பேட்டரி மாற்றும் நிலையங்கள் கட்டிப் பார்த்தது. அதற்கு ஏற்றதாக வந்தது ரெனோ ஃப்ளூயன்ஸ் என்ற ஒரே மாடல். 2013இல் திவாலானது. ஒவ்வொரு கம்பெனியும் தன் பேட்டரிக்குத் தனி உருவம் வைத்திருக்கும்வரை பொது நிலையம் கட்டுவது சிரமம்தான்.

ஒன்று மறக்க வேண்டாம். கழற்றிய பேட்டரியைச் சும்மா விட்டுவிட்டு வராதீர்கள். அதில் இன்னும் மூன்றில் இரண்டு பங்கு உயிர் இருக்கிறது. சோலார் மின்சாரத்தைச் சேமிக்க அதைத் தேடி வாங்குகிறார்கள், பில்லில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.