அட்வான்ஸ் கூடப் போட்டவருக்கு வாக்கும் கூடவா?

வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டில் எட்டுப் பேர் கூட்டுறவாக இருக்கிறோம். அட்வான்ஸில் பாதியைப் போட்டவர், எதிலும் தன் முடிவே கடைசி என்கிறார். – ஒரு மாணவி

வாடகையைப் பிரித்துக் கட்டினால் மட்டும் கூட்டுறவு ஆகிவிடாது. இங்கிலாந்தின் ரொச்டேலில் 1844இல் தொடங்கிய கூட்டுறவுக் கடையின் வழிவந்த விதி, பங்கு எவ்வளவானாலும் ஆளுக்கு ஒரு வாக்கு என்பதுதான். அவர் கூடப் போட்ட காசு உங்களுக்குத் தந்த கடன். எப்போது திருப்பித் தருவீர்கள் என்று எழுதி எட்டுப் பேரும் கையெழுத்திடுங்கள்.

எல்லோரும் சம்மதித்தால்தான் தீர்மானம் என்று வைத்திருக்கிறோம். வைஃபை மாற்றவே மூன்று கிழமை போனது. வாக்கெடுப்புக்கு மாறலாமா? – கொட்டாஞ்சேனை வாசகர்

மாறலாம், ஆனால் எல்லாவற்றுக்கும் வாக்கெடுப்பு வைத்தால் அதுவும் இழுபடும். வைஃபை, காஸ் சிலிண்டர் போன்றவற்றுக்குக் கூட்டமே வேண்டாம். ஒருவரைப் பொறுப்பாக்கி, இவ்வளவு ரூபாய் வரை அவரே முடிவெடுக்கலாம் என்று எழுதுங்கள். 2014இல் தொடங்கிய எடின்பரோ மாணவர் வீட்டுக் கூட்டுறவில் 106 பேருக்கு இடமுண்டு. அங்கே கணக்கு, பராமரிப்பு போன்ற வேலைகளைச் சிறு குழுக்கள் பார்க்கின்றன, பெரிய விடயங்கள்தான் பொதுக்கூட்டத்துக்குப் போகின்றன.

புதிதாக ஒருவரைச் சேர்ப்பதற்குப் பெரும்பான்மை போதும். ஒருவரை வெளியேற்றவோ விதியை மாற்றவோ மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று வையுங்கள். வெளியேற்றப்படுபவர் தன் பக்கத்தைச் சொல்லாமல் வாக்கெடுப்பு நடக்கவே கூடாது. கூட்டம் பற்றிச் சில நாள் முன்பே அறிவித்திருக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்கு வாட்சப்பில் போட்ட வாக்கெடுப்பைத் தீர்மானம் என்று சொல்லாதீர்கள், பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள்!

சம்மத முறையையே வைத்திருக்க ஆசையா? சரி. ‘எனக்கு விருப்பமில்லை, ஆனால் தடுக்கவில்லை’ என்று ஒருவர் ஒதுங்கிக்கொள்ள வழி வையுங்கள். அது இல்லாத சம்மத முறையில், பிடிவாதக்காரர் ஒருவரே வீட்டை ஆண்டுவிடுவார்.

ஒருவர் தன் சமையல் முறைக்கு வருவதே இல்லை. – தெஹிவளை

கலிபோர்னியாவின் பெர்க்லி மாணவர் கூட்டுறவு 1933இல் தொடங்கியது. அங்கே வீடுகளில் இருப்பவர்கள் கிழமைக்கு ஐந்து மணி நேரம் வீட்டு வேலை செய்ய வேண்டும், தவறினால் அபராதம். நீங்களும் வேலையை மணிக்கணக்கில் எழுதுங்கள். பரீட்சைக் காலத்தில் முறையை மாற்றிக்கொள்ளலாம். அபராதம் கடைசி ஆயுதம். முதலிலேயே வைத்தால் வசதியுள்ளவர் காசைக் கட்டிவிட்டுப் படுத்திருப்பார்.

முதலாம் வருடத்தவருக்கு வாக்கு வேண்டாம் என்கிறார்கள் சீனியர்கள்.

வாடகை கட்டுகிறாரா? வாக்கு உண்டு. மிரட்டி வேலை வாங்கினால் அது பகிடிவதை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனத்துக்கு வெளியே நடக்கும் பகிடிவதையையும் குற்றமாக்குகிறது.

ஒப்பந்தம் என் பெயரில் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்தால் தப்பலாமா? – பம்பலப்பிட்டி

இப்போதைக்கு, யார் வாடகை தராவிட்டாலும் வீட்டுக்காரர் உங்களைத்தான் பிடிப்பார். கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்தால் சங்கமே தன் பெயரில் ஒப்பந்தம் எழுதலாம். ஆனால் யாப்பு, கணக்காய்வு, பொதுக்கூட்டம் என்று வேலை நிறைய. இரண்டு வருடத்தில் பட்டம் வாங்கிப் போகும் சில பேருக்கு அது அதிகம். ஆளுக்கு ஒரு மாத வாடகையை முன்கூட்டியே வாங்கிப் பொதுக் கணக்கில் வையுங்கள், போதும். முப்பது பேர், வருடாவருடம் புதியவர்கள் வரும் வீடு என்றால், மேல் மாகாணக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தில் விசாரியுங்கள்.