கேபிவி பெப்டைடு: குடல், தோல் அழற்சி குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கேபிவி என்பது ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்ததா?

பதில்: அன்று. நம் உடலில் சுரக்கும் ஆல்ஃபா எம்எஸ்எச் என்னும் ஹார்மோன் 13 அமினோ அமிலங்களால் ஆனது. அதன் இறுதியிலுள்ள லைசின், புரோலின், வாலின் ஆகிய மூன்று மட்டும் சேர்ந்த பெப்டைடே, அதாவது குட்டி அமினோ அமிலச் சங்கிலியே, கேபிவி.

கேள்வி: அந்த ஹார்மோன் தோலைக் கருக்கச் செய்யும் என்கிறார்களே, இதுவும் அப்படியா?

பதில்: இல்லை. நிறமியைத் தூண்டுவதற்கு இன்றியமையாதவை அந்த ஹார்மோன் சங்கிலியில் 6 முதல் 9 வரையிலான இடங்களில் உள்ள அமினோ அமிலங்கள்; அவை இதில் கிடையா.

கேள்வி: வாய்வழி உட்கொண்டால் வயிற்றிலேயே செரித்துவிடாதா?

பதில்: மிகவும் பொருத்தமான கேள்வி. உணவுப் புரதம் செரிக்கும்போது உண்டாகும் இரண்டு அல்லது மூன்று அமினோ அமிலத் துணுக்குகளைச் செல்லுக்குள் கொண்டுசெல்லப் பெப்டி1 என்னும் கடத்திப் புரதம் சிறுகுடலில் இருக்கிறது. மூன்றே அமினோ அமிலங்கள் கொண்ட கேபிவியும் அதே வழியில் உள்ளே போகிறது. நலமான பெருங்குடலில் அரிதாகவே காணப்படும் இந்தக் கடத்தி, அழற்சி ஏற்பட்ட இடத்தில் மிகுதியாகத் தோன்றுகிறது என்பதுதான் ஆய்வாளர்களை ஈர்த்தது. ரசாயனத்தால் பெருங்குடல் அழற்சி உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளுக்குக் குடிநீரில் கேபிவியைக் கலந்து கொடுத்தபோது அழற்சி தணிந்ததை 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. செல்லுக்குள் அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும் என்எஃப் கப்பா பி என்னும் பாதையை அது மட்டுப்படுத்துகிறது. மருந்து வழியிலேயே வீணாகாமல் பெருங்குடலைச் சேர வேண்டுமென்று, பின்னர் அதை நானோ துகள்களுக்குள் பொதிந்தும் சோதித்தார்கள்.

கேள்வி: எனக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்னும் பெருங்குடல் புண் அழற்சி நோய் இருக்கிறது. அதற்காகச் சாப்பிடும் மெசலமைன் மாத்திரையை நிறுத்திவிட்டு இதற்கு மாறலாமா?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சுண்டெலிக்குச் சில நாள்களில் வரவழைத்த புண்ணும், தணிந்தும் மீண்டும் கிளர்ந்தும் ஆண்டுக்கணக்கில் தொடரும் மனித நோயும் ஒன்றல்ல. இந்தப் பெப்டைடு மனிதர்களின் குடல்நோயைக் குணப்படுத்தும் என்று நிறுவிய பெரிய மருத்துவச் சோதனை எதுவும் இல்லை. மெசலமைனை நிறுத்தினால் நோய் மீளும் வாய்ப்பு கூடும். கட்டுப்படாத அழற்சி நீடித்தால் பெருங்குடல் புற்றுநோய் அபாயமும் உயரும். மருந்து போதவில்லை என்று தோன்றினால், குடல் அழற்சியைக் காட்டும் கால்புரொடெக்டின் என்னும் புரதத்தின் அளவை மலத்தில் பார்த்து அடுத்த படியை முடிவுசெய்யுமாறு உங்கள் இரைப்பை குடல் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: கரப்பான் (எக்சிமா) என்னும் தோல் அழற்சிக்கு இதைக் களிம்பாகப் பூசலாமா?

பதில்: இது சிறிய மூலக்கூறுதான் என்றாலும் நீரில் கரையும் தன்மையும் மின்னேற்றமும் உடையது, ஆகவே கொழுப்பு நிறைந்த தோலின் மேலடுக்கைத் தானாக எளிதில் கடப்பதில்லை. அதனால்தான் ஆய்வகத்தில் நுண்துளையிட்டும் மென்மின்னோட்டம் செலுத்தியும் அதை உட்புகுத்திப் பார்த்தார்கள். சாதாரணக் களிம்பு அதே பயனைத் தரும் என்று அந்த ஆய்வுகளைக் காட்டி விற்பது நேர்மையன்று.

கேள்வி: இணையத்தில் ஊசிக் குப்பிகள் கிடைக்கின்றனவே?

பதில்: ‘ஆய்வுக்கு மட்டும்’ என்று அச்சிட்ட குப்பியின் தூய்மைக்கும் நுண்ணுயிர் நீக்கத்துக்கும் எவரும் உங்களிடம் பொறுப்பேற்பதில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதை மருந்தாக அங்கீகரிக்கவில்லை; 2023-இல், மருந்தகங்களில் கலந்து தயாரிக்கப்படும்போது குறிப்பிடத்தக்க பாதுகாப்பு அபாயம் எழக்கூடிய பொருள்களின் வரிசையிலும் இதைச் சேர்த்தது. அந்தக் குப்பிகளை வாங்கி நீங்களே ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம்.