ஸ்ப்ரே நாசில்னா வெறும் ஓட்டை தானே, அதுல என்ன பெரிய டெக்னாலஜி? எங்கெல்லாம் யூஸ் ஆகுது?

"வெறும் ஓட்டை"ன்னு கேட்டீங்க பாருங்க, அதுக்காகவே உக்காந்து டைப் பண்றேன். அனேகமா ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு லிஸ்ட் தேடி வந்திருப்பீங்க, அதை முதல்ல முடிச்சிடறேன்: சென்ட் பாட்டில், டீசல் இன்ஜெக்டர், பால் பவுடர் பண்ற ஸ்ப்ரே டிரையர், மாத்திரை கோட்டிங், பயிருக்கு மருந்தடிக்கிறது, வார்த்த ஸ்டீலை குளிர வைக்கிறது. எல்லாத்துலயும் வேலை ஒண்ணுதான், திரவத்தை துளியா உடைக்கணும். துளியோட விட்டத்தை பாதியாக்கினா ஒண்ணு எட்டாகும், மொத்த மேற்பரப்பு ரெண்டு மடங்காகும், அதனாலதான் ஸ்ப்ரே டிரையர்ல பால் கீழ வந்து சேர்றதுக்குள்ள காஞ்சு பவுடராயிடுது.

நான் பெயிண்ட் ஷாப்ல மெயின்டனன்ஸ் ஃபிட்டர். பெயிண்டுக்கு முன்னாடி தகட்டை கழுவுற லைன்ல வரிசையா ஃபிளாட் ஃபேன் நாசில் இருக்கும். தண்ணி விசிறி மாதிரி விழும், விசிறியோட ஓரம் மெலிசு, அதனால பக்கத்து விசிறி அதுமேல கொஞ்சம் ஏறி விழுந்தாதான் எல்லா இடமும் சமமா நனையும். ஒரு நாசில் அடைச்சிருச்சு, அவசரத்துல நான் கம்பியை விட்டு குத்திட்டேன். தண்ணி பிச்சிக்கிட்டு வந்துச்சு, எனக்கு ஒரே பெருமை. ரெண்டு நாள் கழிச்சு பார்த்தா பீஸ்ல ஒரே உயரத்துல பட்டையா பெயிண்ட் உரியுது! கழட்டி லைட்ல பிடிச்சா வாய் ஓரத்துல முடி மாதிரி ஒரு கீறல், அவ்ளோதான், அந்த கீறலுக்கே விசிறி நடுவுல ரெண்டா பிரிஞ்சு அடிச்சிருக்கு, நடுவுல இருந்த பட்டை சரியா கழுவவே இல்ல. ப்ரஷரை ஏத்தி சமாளிக்கலாம்னு பார்த்தேன், அதுவும் நடக்கல, ப்ரஷரை டபுள் பண்ணா தண்ணி சுமார் 1.4 மடங்குதான் வரும், டபுள் தண்ணி வேணும்னா 4 மடங்கு ப்ரஷர் வேணும், துளி வேற பொடியாகி புகை மாதிரி பறந்துச்சு.

"நாங்க வருஷக்கணக்கா ஊசி போட்டுத்தான் குத்தறோம், ஒண்ணும் ஆகல"ன்னு கீழ வந்து எழுதப் போறவங்களுக்கு: சரிங்க, ஆனா தண்ணி வருதான்னு மட்டும் பாக்காம ஜாடியில ஒரு நிமிஷம் பிடிச்சு அளந்து பாருங்க. தேய்ஞ்ச நாசில் கம்மியா அடிக்காது, அதிகமா அடிக்கும். மருந்து தெளிக்கிற நாசில்ல புதுசை விட 10 சதவீதம் கூட வந்தா மாத்திடணும்ங்கறது வழக்கமான கணக்கு. அந்த நாசில்ல கலரே அளவு சொல்லும், ஐஎஸ்ஓங்கற சர்வதேச தரத்தோட கலர்ல நீலம்னா 3 பார் ப்ரஷர்ல நிமிஷத்துக்கு 1.2 லிட்டர். அடைச்சா ஊற வச்சு பல் துலக்குற ப்ரஷ்ல தேய்ங்க, இல்ல ஏர் அடிங்க.

அப்புறம் ஒய்-ஒய் அனாலிசிஸ்னு, அதாவது "ஏன், ஏன்"னு அஞ்சு தடவை கேட்டு மூல காரணத்தை தேடற ஒரு ஷீட் போட்டாங்க, அஞ்சு ஒய்க்கும் பதில் நான்தான். தப்பு என்னுதுதான், இல்லன்னு சொல்லல. ஆனா பம்புக்கு முன்னாடி இருக்கிற ஸ்ட்ரெய்னர் வலை, அதான் நாசிலை அடைக்கிற குப்பையை பிடிக்கிற வடிகட்டி, கிழிஞ்சு, புதுசு கேட்டு மூணு தடவை இன்டென்ட் போட்டேனே, அது எந்த ஒய்லயும் வரல. சேஃப்டி ஷூ இன்டென்ட்டும் அதே ஃபைல்லதான் தூங்குது, ஈர சாக்ஸோட எட்டு மணி நேரம் நின்னு பாருங்க சார்.