கறுப்புப் புள்ளிக்கு வாரண்டி உண்டா?

கேள்வி: ராமநாதபுரம் டவுனில் போன வாரம் 24 இன்ச் மானிட்டர் வாங்கினேன். நடுத்திரையில் ஒரு கறுப்புப் புள்ளி, ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. கடைக்காரர், "அதான் மூணு வருஷம் வாரண்டி இருக்குல்ல, சர்வீஸ் சென்டருக்குப் போங்க" என்கிறார். போகலாமா? – ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: இப்போதைக்குப் போகாதீர்கள். வாரண்டி எங்கும் ஓடிவிடாது, கடையில் மாற்றிக் கேட்கும் நாட்கள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. வாரண்டி அட்டையில் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். நிறைய கம்பெனிகள் ஒன்றிரண்டு புள்ளி செத்திருந்தால் அதைப் பழுதாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஃபுல் எச்டி திரையில் 20 லட்சத்துக்கு மேல் பிக்சல் (படத்தைக் காட்டும் பொடிப் புள்ளி), ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணுக்கு, இதில் கொஞ்சம் போனால் பரவாயில்லை என்று திரைகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 9241-307-ஏ இடம் கொடுக்கிறது. சர்வீஸ் சென்டரில் அதைக் காட்டி அனுப்பிவிட்டால் அதற்குள் கடைக் கெடுவும் முடிந்திருக்கும். கடைக்காரருக்கு இது நன்றாகவே தெரியும் என்பது என் சந்தேகம்.

அதனால் பில்லோடு கடைக்கே போங்கள். பழுதான பொருளை பில்லில் போட்டிருக்கும் கெடுவுக்குள், எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஒரு புள்ளியெல்லாம் பழுதா என்று அவர் மல்லுக்கு நிற்கலாம். நிற்கட்டும், நீங்கள் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேட்டு வையுங்கள். போவதற்கு முன் திரை முழுக்க வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றி மாற்றி வைத்து போனில் படம் எடுங்கள் (ஸ்கிரீன்ஷாட்டில் இந்தப் புள்ளி விழாது, விழுந்தால் கோளாறு மானிட்டரில் இல்லை). அட்டைப்பெட்டி, தெர்மாகோல் எதையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுங்கள், தமிழிலேயே பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ஒரு புள்ளிக்காக அவ்வளவு தூரம் நானாக இருந்தால் போகமாட்டேன், 1915 வரைக்கும் நிச்சயம் போவேன்.

அப்புறம், அந்தச் சிவப்புப் புள்ளி செத்தது இல்லை, எரிந்தபடி சிக்கிக்கொண்டது. நிறங்களை வேகமாக மாற்றிக் காட்டும் வீடியோவைச் சில மணி நேரம் ஓடவிட்டால் சில சமயம் சரியாகும். கறுப்பு அநேகமாகத் தேறாது. கட்டைவிரலால் அழுத்தினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பக்கத்தில் இருப்பதும் போய்விடும்.

கேள்வி: உப்புக் காற்றால் புள்ளி விழுமா? – வாசகர், தொண்டி

பதில்: புது மானிட்டரில் விழுந்த புள்ளிக்கு உப்புக் காற்றைக் குற்றம் சொல்ல முடியாது, அது பேனலோடு வந்த குறை. உப்பு அரிப்பது கேபிள் சொருகும் இடத்தையும் உள்ளே இருக்கும் போர்டையும்தான். ஆனால் துரு, அரிப்புக்குப் பெரும்பாலும் வாரண்டி கிடையாது, எனவே கடல் பக்க ஜன்னலை ஒட்டி வைக்காதீர்கள். சர்வீஸுக்கு வருபவர் துரு என்று சொன்னால், எந்த இடத்தில் என்று ஜாப் ஷீட்டில் (அவர் பழுது விவரம் எழுதித் தரும் தாளில்) எழுதி வாங்குங்கள்.