விமான லேண்டிங் லைட்டை பிக்-அப்பில் பொருத்தலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். என்னிடம் பழைய 4x4 பிக்-அப் இருக்கிறது, 12 வோல்ட். கனகபுரா பக்கம் நண்பரின் தோட்டத்தில் மேடு பள்ளமாக ஒரு தடம் போட்டிருக்கிறோம், மாதம் ஒரு நாள் இரவில் ஓட்டுவோம். சிவாஜிநகர் பழைய ஸ்பேர் கடையில் 4509 என்று எழுதிய விமான லேண்டிங் லைட் இரண்டு வாங்கினேன். 28 வோல்ட், 250 வாட் லைட்டும் மலிவாகத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். எதைப் போடலாம்? ஹெட்லைட் ஒயரிலேயே சேர்த்துவிடலாமா?

பதில்: 28 வோல்ட் லைட்டை விட்டுவிடுங்கள். உங்கள் வண்டி ஓடும்போது கிடைப்பது 14 வோல்ட் சொச்சம்தான். டங்ஸ்டன் இழைக்குப் பாதி வோல்ட் கொடுத்தால் பாதி வெளிச்சம் வராது, பத்தில் ஒரு பங்குதான் வரும். செம்பழுப்பாக மினுங்கிக்கொண்டிருக்கும். அது 24 வோல்ட் வண்டிக்கு உரிய சாமான்.

கையில் இருக்கும் 4509 சரியானது. செஸ்னா மாதிரிச் சிறு விமானங்களுக்கென்று வந்த சீல்டு பீம் (இழை, பிரதிபலிப்பான், கண்ணாடி எல்லாம் ஒன்றாக மூடி வரும் லைட்) அது: 13 வோல்ட், 100 வாட், நாலரை அங்குல வட்டம். ஒளிச்செறிவு 1,10,000 கேண்டெலா. 300 மீட்டர் தள்ளியிருக்கும் பாறையின் மேலும் முழுநிலவைப் போல நாலைந்து மடங்கு வெளிச்சம் விழும். மெக்சிகோவில் 1967-இல் பாஹா பாலைவனப் பந்தயம் தொடங்கிய காலத்து ஓட்டுநர்கள் விமான லைட்டைத் தேடிப்போனது இதற்காகத்தான்.

ஆனால் அது வேறு வேலைக்குப் பிறந்த லைட். விமானம் இறங்கும் சில நிமிடங்கள் எரிந்தால் போதும் என்றுதான் செய்திருக்கிறார்கள். கணக்கிட்ட ஆயுள் 25 மணி நேரம். அதுவும் 13 வோல்ட்டில். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் 14.2 வோல்ட் அப்படியே போய்ச் சேர்ந்தால் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கு கூடும், ஆயுளோ ஏறத்தாழ 8 மணி நேரமாகச் சுருங்கும். வோல்ட் கொஞ்சம் ஏறினாலும் இழையின் ஆயுள் மடமடவென்று சரியும். மற்ற லைட்டுகளுக்கெல்லாம் ஒயரில் வோல்ட் விழவே கூடாது என்று சண்டை போடுகிறவன் நான். இதற்கு மட்டும் அரை வோல்ட் விழட்டும் என்பேன். 13.7-க்கு இறக்கினாலே 12 மணி நேரம் வரை தாங்கும். மாதம் ஒரு இரவு, அதிலும் நேரான இடத்தில் மட்டும் போட்டால், அது நிறைய நாள்.

ஹெட்லைட் ஒயரில் சேர்க்கவே கூடாது. இரண்டு லைட்டும் சேர்ந்து 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கம்பெனி ஒயரும் டேஷ்போர்டு சுவிட்சும் அதற்கானவை அல்ல. என்னிடம் வந்த ஒரு வண்டியில் யாரோ ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக இழுத்திருந்தார்கள். பானெட் விளிம்பில் ஒயர் உரசித் தோல் போய், பக்கத்திலிருந்த ஒயர்க்கட்டு முழுக்க உருகி ஒட்டிக்கிடந்தது. தீப்பிடிக்காதது அந்தக் குடும்பத்தின் அதிர்ஷ்டம்.

ஆகவே பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். லைட்டுக்கு ஒன்றாக இரண்டு 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் ஒன்று போனாலும் இன்னொன்று எரியும். இழை குளிர்ந்திருக்கும்போது முதல் கணம் பத்து மடங்குக்கும் மேல் கரண்ட் இழுக்கும், அதனால் 10 ஆம்பியர் பத்தாமல் போகலாம். ஃபியூஸுக்கு ஒன்றாக 40 ஆம்பியர் நாலு முனை ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) இரண்டு. அதில் எழுதியிருக்கும் முனை எண்படி 30-இல் ஃபியூஸ் வழியாகப் பேட்டரி, 87-இல் லைட், 86-இல் சுவிட்ச், 85-இல் எர்த். லைட் ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர். எர்த்தைப் பெயின்ட் சுரண்டிச் சேசிஸில் முடுக்குங்கள். இரண்டு ரிலேயின் 86-க்கும் வரும் கரண்டை ஹைபீம் ஒயரிலிருந்து எடுத்துத் தனி சுவிட்ச் வழியாகக் கொண்டுவாருங்கள். அப்போதுதான் எதிரே யாராவது வந்து நீங்கள் டிம் செய்தவுடன் இதுவும் சேர்ந்து அணையும். சின்ன வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் வண்டியை வெளியே விடமாட்டேன்.

கூரையில் வைக்காதீர்கள். பானெட்டில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் புழுதியும் உங்கள் கண்ணைத்தான் அடிக்கும். பம்பர் மேல், ரப்பர் வளையம் வைத்து இறுக்கமாக. இதன் ஒளிக்கற்றை வட்டமாக இல்லாமல் படுத்த முட்டை மாதிரி இருக்கும், அதனால் சுவரில் அடித்துப் பார்த்து, கண்ணாடியைத் திருப்பி அகலம் கிடைமட்டமாக வந்த பிறகு முடுக்குங்கள். அகலம் மிகக் குறைவு என்பதால் வளைவில் இது உதவாது. அங்கே ஹெட்லைட்தான் துணை. ஓடை இறங்கும் முன் சில நிமிடம் அணைத்து ஆறவிடுங்கள், கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும்.

சாலையில் இதைப் போடவே கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 111-வது விதி, முன் அனுமதியில்லாமல் ஸ்பாட் லைட் பொருத்துவதையே தடுக்கிறது. எரியாமல் மாட்டியிருந்தாலும் பொருத்தியதுதான். அனுமதியற்ற மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. மூடி போட்டால் போதும் என்பவர்களை நம்பாதீர்கள். பட்டாம்பூச்சி நட்டில் கழற்றுகிற மாதிரி பிராக்கெட் அடித்து, இரண்டு முனை கனெக்டர் வைத்து, தோட்டத்துக்குள் போனதும் மாட்டுங்கள், திரும்பும்போது கழற்றுங்கள். எதிரே பைக்கில் குழந்தையை முன்னால் உட்காரவைத்து வருகிறவர் ஒரு கணம் கண்ணிருண்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் அந்த ஐந்து நிமிட வேலை பெரிதாகத் தெரியாது.

கழற்றிய லைட்டைத் துணியில் சுற்றி, கண்ணாடி மேல்பக்கம் பார்க்கும்படி சீட்டுக்குப் பின்னால் வையுங்கள். இன்னொரு 4509 கிடைத்தால் ஸ்பேராக வாங்கி அதன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.