முதலில் பாடி, அப்புறம் சேஸிஸ்

கேள்வி: என்னிடம் ஒரு பழைய ஆக்சியல் ஏஎக்ஸ்10 ஸ்கார்ப்பியன் க்ராலர் (பாறை ஏறும் ரிமோட் கண்ட்ரோல் வண்டி) சும்மா கிடக்கிறது. 2.2 அங்குல சக்கரம், ஆக்சில் மேலேயே சர்வோ (ஸ்டியரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டார்). பாறை ஏறி அலுத்துவிட்டது. நிஜ வண்டி மாதிரித் தெரியும் ஸ்கேல் டிரக்காக மாற்ற ஆசை. ஜீப் அல்லது பழைய லேண்ட் க்ரூஸர் பாடி போடலாம் என்று எண்ணம். எந்த சேஸிஸ் (அடிச்சட்டம்) வாங்குவது? இருக்கும் பாகங்களில் எது தேறும்?

பதில்: சேஸிஸை இப்போதைக்கு வாங்காதீர்கள். பாடியை வாங்குங்கள். பாடி கைக்கு வந்து, அளந்து பார்த்த பிறகுதான் சேஸிஸ் பற்றி யோசிக்க வேண்டும். என் முதல் மாற்றத்தில் நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். அழகான ஸ்டீல் ஃப்ரேம் ஒன்றை வாங்கி, கியர்பாக்ஸ், ஷாக் எல்லாம் பூட்டி, கடைசியில் பாடியை மேலே வைத்தால், முன் சக்கரம் மட்கார்டு வளைவின் நடுவை விட்டு ஒன்றரை சென்டிமீட்டர் முன்னால் நிற்கிறது. ஒன்றரை சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். பார்க்கிறவர் கண் முதலில் போய் நிற்பது அங்கேதான்.

பெட்டியில் 1:10 என்று போட்டிருப்பதை நம்பிக் கணக்குப் போடவும் வேண்டாம். நான்கு கதவு ஜீப் ராங்ளர் ஜேஎல்-இன் நிஜ வீல்பேஸ் (முன் சக்கர நடுவுக்கும் பின் சக்கர நடுவுக்கும் உள்ள தூரம்) 3008 மி.மீ. அதைப் பத்தால் வகுத்தால் 301. ஆக்சியலின் ஸ்கேல் டிரக்கான எஸ்சிஎக்ஸ்10 வகைகளில் பரவலாக இருக்கும் 313 மி.மீ. இதற்கு ஓரளவு நெருங்கி வருகிறது, சரி. ஆனால் லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110-ஐ எடுங்கள். 110 என்ற பெயரே அங்குலத்தில் அதன் வீல்பேஸ்தான், அதாவது 2794 மி.மீ. பத்தில் ஒரு பங்கு 279. அதன் ரிமோட் மாடலான டிராக்சஸ் டிஆர்எக்ஸ்-4 டிஃபெண்டரோ 324 மி.மீ. நீளத்தில் நிற்கிறது. கணக்குப்படி அது 1:8.6. நீங்கள் சொன்ன பழைய லேண்ட் க்ரூஸர் எஃப்ஜே40 என்றால் நிலைமை இன்னும் மோசம். நிஜ வண்டி வெறும் 2285 மி.மீ., பத்தில் ஒரு பங்கு 228தான். 313 மி.மீ. சேஸிஸ் மேல் அசல் 1:10 அளவில் செய்த எஃப்ஜே40 பாடியை வைத்தால் 85 மி.மீ. உதைக்கும். அகலத்திலும் இதே கதைதான்: அந்த வண்டியின் நிஜ அகலம் 1665 மி.மீ., பத்தில் ஒரு பங்கு 167கூட வராது. க்ராலர் ஆக்சில்கள் சக்கரத்தோடு சேர்த்து அதைத் தாண்டிப் போய்விடும். பாடி செய்கிறவர்கள் சேஸிஸுக்கு ஏற்ப நீட்டியும் அகலப்படுத்தியும்தான் செய்கிறார்கள். அதனால் அட்டவணையைப் பார்ப்பதை விட, வாங்கிய பாடியில் முன் வளைவின் நடுவிலிருந்து பின் வளைவின் நடுவுக்கு டேப்பை வைத்து அளப்பதே சரி. மட்கார்டின் வெளி ஓரத்திலிருந்து எதிர்ப்பக்க ஓரம் வரையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் சேஸிஸ் தேட வேண்டும்.

உங்கள் வண்டி விஷயத்தில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. முதல் தலைமுறை எஸ்சிஎக்ஸ்10 பிறந்ததே ஏஎக்ஸ்10-இன் ஆக்சிலையும் கியர்பாக்ஸையும் எடுத்து, ஏணி போன்ற ஸ்டீல் ஃப்ரேமில் உட்கார வைத்துத்தான். ஆகவே அந்த முதல் தலைமுறை அளவுக்குச் செய்த லாடர் ஃப்ரேமும் அதன் ஸ்கிட் பிளேட்டும் (அடித்தகடு) கிடைத்தால், உங்கள் கியர்பாக்ஸ் பெரிய வெட்டு ஒட்டு வேலை இல்லாமல் உட்காரும். இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளில் பல வண்டிகளில் கியர்பாக்ஸ் அமைப்பே வேறு. வெறும் "எஸ்சிஎக்ஸ்10 ஃப்ரேம்" என்று கேட்டு வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். ஆக்சில், கியர்பாக்ஸ், மோட்டார், இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) எல்லாம் தேறும். லிங்க்குகளும் (ஆக்சிலை ஃப்ரேமோடு பிணைக்கும் கம்பிகள்) டிரைவ் ஷாஃப்ட்டும் (கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) அளவைப் பொறுத்தது. ஷாக் பெரும்பாலும் தேறாது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இதைப் படிக்கும் வேறு யாராவது ஆக்சில் மேலேயே மோட்டார் உட்கார்ந்த போட்டி க்ராலர் வைத்திருந்தால், மாற்றும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள் என்பேன். அந்த மோட்டார் ஃப்ரேமில் இடிக்காமல் இருக்க வண்டியை உயர்த்தியே நிறுத்த வேண்டும். ஸ்கேல் டிரக்குக்கு அழகே தாழ்ந்து நிற்பதுதான். அந்த வண்டியைப் பாறைக்கே வைத்துக்கொண்டு, ஸ்கேலுக்கு வேறு ஆக்சில் தேடுங்கள்.

வீல்பேஸைச் சரிசெய்வது லிங்க்கை மாற்றித்தான். முன்னால் 8 மி.மீ. குறைக்க வேண்டும் என்றால் முன் ஆக்சிலின் கீழ் லிங்க், மேல் லிங்க் இரண்டையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். கீழே மட்டும் குறைத்தால் ஆக்சில் சுழன்று, பினியன் (டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்சில் முனை) வானத்தைப் பார்க்கும் அல்லது தரையைப் பார்க்கும். டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டு கடகடக்கும். நீளத்தை மாற்றியதும் வண்டியைத் தூக்கிப் பிடித்து ஆக்சிலை முழுவதும் தொங்க விடுங்கள். ஷாஃப்ட்டின் இரண்டு பாதிகளும் அப்போதும் ஒன்றுக்குள் ஒன்று நன்றாக நுழைந்திருக்க வேண்டும். நுனியில் மட்டும் பிடித்திருந்தால், முதல் ஏற்றத்திலேயே கழன்று விழும்.

அடுத்தது சர்வோ. ஆக்சில் மேல் நிற்கும் சர்வோ வேலை செய்வதில் குறையில்லை. ஆனால் பானெட்டுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு கறுப்புப் பெட்டி தெரிந்துகொண்டே இருக்கும். அதை ஃப்ரேமுக்கு மாற்ற ஆசை வரும். மாற்றலாம், ஆனால் இருக்கும் நான்கு லிங்க் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு சர்வோவை மட்டும் மேலே ஏற்றாதீர்கள். அப்படிச் செய்த வண்டியின் முன்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள்: யாரும் ஸ்டியரிங்கைத் தொடாமலே சக்கரம் ஒரு பக்கம் திரும்பும், கையை எடுத்தால் மறுபடி நேராகும். இதைத் தவிர்க்க மேலே ஒரு லிங்க்கும் குறுக்கே ஒரு பான்ஹார்ட் கம்பியும் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது) வேண்டும். அந்தக் கம்பியும் சர்வோவிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியும் ஏறக்குறைய ஒரே நீளத்தில், ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். எனவே ஃப்ரேம் வாங்கும்போதே பான்ஹார்ட் மாட்ட இடமும் சர்வோ தாங்கியும் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் சேர்ப்பது பெரும் தலைவலி.

லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்) வைத்த ஃப்ரேம்களும் உண்டு. டமியா ஹைலக்ஸ் ஹை-லிஃப்ட், ஆர்சி4டபிள்யூடி டிரெயில் ஃபைண்டர் 2 இரண்டும் அந்த வகை. பழைய லேண்ட் க்ரூஸரில் நிஜமாகவே இருந்தது அதுதான் என்பதால் கீழே குனிந்து பார்த்தால் மனசு நிறையும். ஆனால் காயில் ஸ்பிரிங்கில் பழகிய க்ராலர்காரருக்கு அது கட்டை வண்டி. மூன்று சக்கரம் தரையில், ஒன்று காற்றில் என்றுதான் போகும். புகைப்படத்துக்காக வண்டி கட்டினால் சரி, இன்னும் கொஞ்சம் பாறை ஏறவும் ஆசை இருந்தால் காயில் ஸ்பிரிங்கோடு நில்லுங்கள்.

2.2 அங்குலச் சக்கரத்தைக் கழற்றி 1.9 அங்குலத்துக்கு வந்துவிடுங்கள், குட்டைப் பாடி என்றால் 1.55. உதாரணத்துக்கு 135 மி.மீ. டயருக்குப் பதில் 108 மி.மீ. போட்டால், அதே மோட்டார் வேகத்தில் வண்டி 20 சதவீதம் மெதுவாகப் போகும், இழுவை கூடும். அதற்காகக் கியர் மாற்றத் தேவையில்லை. சக்கரம் பாடிக்கு வெளியே துருத்தினால் ஆக்சிலைக் குறை சொல்லும் முன், சக்கரத்தின் நடுத்தட்டு உள்ளே தள்ளியிருக்கிறதா, வெளியே தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். வேறு ஹப் போட்டாலே இரண்டு பக்கமும் பல மில்லிமீட்டர் மிச்சமாகும்.

ஷாக் விஷயம்: க்ராலரின் நீண்ட ஷாக்கை ஸ்கேல் ஃப்ரேமில் போட்டால் பாடி கொக்கு மாதிரி காலை நீட்டி நிற்கும். பேட்டரியும் பாடியும் ஏறிய பிறகு ஷாக் மூன்றில் ஒரு பங்கு அமுங்கி நிற்கும் நீளமாகப் பாருங்கள். கடினப் பிளாஸ்டிக் பாடி என்றால் லெக்சானை (மெல்லிய பாலிகார்பனேட் பாடி) விடக் கனம் பல மடங்கு. அந்தக் கனம் முழுக்க மேலே உட்காரும்; பேட்டரியை முன் ஆக்சிலுக்குப் பக்கத்தில், முடிந்த அளவு தாழ்வாக வைக்க ஃப்ரேமில் இடம் வேண்டும்.

பாடியை மாட்ட ஓட்டை போடுவது கடைசி வேலை. பேட்டரியோடு வண்டியைத் தரையில் நிறுத்தி, பாடியை இரட்டைப்பக்க டேப்பில் ஒட்டி, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி, அந்தச் சக்கரத்தின் கீழ் ஒரு தடிமனான புத்தகத்தைத் தள்ளுங்கள். டயர் மட்கார்டின் உட்புறத்தில் எங்கே உரசுகிறதோ அங்கே பென்சிலால் குறித்து, மறுபக்கமும் இப்படியே செய்து, பாடியை 3 அல்லது 4 மி.மீ. முன்பின் நகர்த்திப் பார்த்துவிட்டு டிரில்லைக் கையில் எடுங்கள்.