டெஸ்ட் எல்லாம் பாஸ், ஆனாலும் இருப்பைவிட அதிகமாகப் பணம் போகிறது: ஃபார்மல் மெத்தட்ஸ் உதவுமா?

கேள்வி வாலட் சர்வீஸ் பற்றியது. ஒரே கணக்கில் ஒரே நேரத்தில் இரண்டு ரிக்வெஸ்ட் வந்தால், எப்போதாவது இருப்பைத் தாண்டிப் பணம் போய்விடுகிறது. டெஸ்டில் பிடிபடவில்லை.

நிச்சயம் உதவும். ஃபார்மல் மெத்தட்ஸ் என்றால் சிஸ்டம் எப்படி நடக்க வேண்டும் என்பதைக் கணித முறையில் எழுதிச் சரிபார்ப்பது. ஆனால் புரோகிராம் கோடை நிரூபிப்பதில் தொடங்காதீர்கள். டிசைனைச் சரிபார்ப்பதில் தொடங்குங்கள்.

உங்கள் பிழையையே எடுத்துக்கொள்வோம். இருப்பு 100 ரூபாய். இரண்டு ரிக்வெஸ்டும் தலா 80 கேட்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு படி: இருப்பைப் படித்துப் போதுமா என்று பார்ப்பது ஒன்று, பணத்தைக் கொடுத்துப் புது இருப்பை எழுதுவது இன்னொன்று. இந்த நான்கு படிகள் முன்பின்னாக நடக்க 6 வழிகள் உண்டு. அதில் 4 வழிகளில் இரண்டு ரிக்வெஸ்டுமே 100 என்று படித்துவிடும். 160 ரூபாய் வெளியே போன பிறகும் இருப்பு 20 என்று காட்டும். டெஸ்டில் பெரும்பாலும் ஒன்று முடிந்துதான் அடுத்தது ஓடும், அதாவது மிச்சமுள்ள 2 நல்ல வழிகள்தான் திரும்பத் திரும்ப வரும். ஐந்து ரிக்வெஸ்ட், தலா நான்கு படி என்றால் வழிகள் 30,000 கோடியைத் தாண்டும். கையால் டெஸ்ட் எழுதி இதை முடிக்கவே முடியாது.

கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய டிஎல்ஏ பிளஸ் (TLA+) இதற்குப் பொருத்தமான கருவி. டிசைனை விவரித்து எழுதுவதற்கான மொழி இது. இருப்பு, கொடுத்த தொகை, ஒவ்வொரு ரிக்வெஸ்டும் எந்தப் படியில் நிற்கிறது, அது என்ன படித்தது: இவைதான் மாறிகள். ஒவ்வொரு படியையும் ஓர் ஆக்‌ஷனாக எழுதுங்கள். ‘இருப்பு + கொடுத்தது = 100’ என்பதை இன்வேரியன்டாக, அதாவது எந்த நிலையிலும் உடையக் கூடாத விதியாக வையுங்கள். டிஎல்சி என்ற மாடல் செக்கர் எட்டக்கூடிய நிலைகள் அத்தனையையும் தேடி, உடையும் இடத்தைப் படிப்படியாகக் காட்டும். மேலே சொன்ன பிழை ஐந்தே நிலைகளில் வந்துவிடும். அமேசான் 2011 முதல் இதைப் பயன்படுத்துகிறது. டைனமோடிபி என்ற தங்கள் டேட்டாபேஸில் அவர்கள் பிடித்த ஒரு பிழையின் மிகச் சுருக்கமான தடமே 35 படிகள். டிசைன் ரிவ்யூ, கோட் ரிவ்யூ, டெஸ்ட் மூன்றையும் தாண்டி வந்த பிழை அது.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டேட்டாபேஸ் வேலையை ஒரே கட்டாகக் கட்டும் பிகின், கமிட் போட்டிருக்கிறோமே என்று படிப்பதையும் எழுதுவதையும் ஸ்பெக்கில் (டிஎல்ஏ பிளஸில் எழுதிய டிசைன் விவரிப்பில்) ஒரே ஆக்‌ஷனாக எழுதிவிடுவார்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் இயல்பான ரீட் கமிட்டட் நிலையில் (மற்றவர்கள் கமிட் செய்ததை மட்டும் படிக்கும் நிலை), லாக் எடுக்காமல் செலக்ட் செய்து, ஆப்பில் கழித்து, பிறகு அப்டேட் செய்தால் அது இரண்டு படிதான். ‘இருப்பு 80-க்குக் குறையாமல் இருந்தால் மட்டும் 80 கழி’ என்று ஒரே அப்டேட்டாக எழுதினால்தான் ஒரே படி. ஸ்பெக்கில் ஒட்டவைத்துவிட்டால், நீங்கள் தேடும் பிழையையே டிஎல்சி பார்வையில் இருந்து மறைத்துவிடுகிறீர்கள்.

அடுத்து, கெட்டது நடப்பதையும் ஆக்‌ஷனாகச் சேருங்கள்: பதில் தொலைந்துபோவது, டைம்அவுட் ஆகி ரீட்ரை போவது, பணம் கழிந்த மறுகணம் சர்வர் விழுவது. பணத்தைக் கழிக்கும் அதே டிரான்சாக்‌ஷனில் ரிக்வெஸ்ட் ஐடியையும் பதிவு செய்யாத டிசைன்கள் பெரும்பாலும் இங்கேதான் உடையும்.

அளவைச் சிறிதாகவே வையுங்கள். 2 கணக்கு, 3 ரிக்வெஸ்ட், 1 ரீட்ரை போதும். ஒவ்வொன்றாகக் கூட்டும்போது நிலைகளின் எண்ணிக்கை பெருக்கலில் ஏறி மெமரியை விழுங்கிவிடும்.

‘பிழை இல்லை’ என்று வந்தால் உடனே நம்பிவிட வேண்டாம். கண்டிஷனைத் தவறாக எழுதியதால் ஓர் ஆக்‌ஷன் ஒருமுறைகூட நடக்காமல் இருக்கலாம். அப்போதும் எல்லாம் பச்சையாகவே தெரியும். ‘எந்த ரிக்வெஸ்டும் வெற்றி பெறாது’ என்று வேண்டுமென்றே ஒரு பொய்யான இன்வேரியன்ட் போடுங்கள். டிஎல்சி அதை உடைத்துக் காட்டவில்லை என்றால் உங்கள் மாடலில் எந்த ரிக்வெஸ்டும் வெற்றி வரை ஓடவே இல்லை. ‘எல்லா ரிக்வெஸ்டுக்கும் முடிவில் பதில் வரும்’ போன்ற விதிகளுக்கு ஃபேர்னஸ் தேவை, அதாவது நடக்கத் தயாராக இருக்கும் படி என்றென்றும் தள்ளிப்போகாது என்ற நிபந்தனை. இல்லாவிட்டால் சிஸ்டம் சும்மா நின்றுவிடுவதையே எதிர் உதாரணமாகக் காட்டும்.

ஸ்பெக் சரி என்பதால் கோடும் சரி என்று ஆகாது. கோடை நிரூபிக்க டாஃப்னி, ஃப்ரேமா-சி, ஸ்பார்க் (அடா மொழிக்கானது) போன்ற கருவிகள் எல்லாம் உண்டு, ஆனால் செலவு வேறு தளத்தில் இருக்கும். எஸ்இஎல்4 என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் கெர்னலில் சுமார் 8,700 வரி சி கோடுக்கு ஏறத்தாழ 2 லட்சம் வரி நிரூபணம் தேவைப்பட்டது. உங்கள் சர்வீஸில் அந்த உழைப்புக்குத் தகுதியானது வட்டி, ரவுண்டிங் கணக்கிடும் சில ஃபங்க்‌ஷன்கள் மட்டுமே.

ஸ்பெக்கை கோடு இருக்கும் ரெப்போவிலேயே வைத்து, கோடு மாறும்போதெல்லாம் தானாகச் சோதிக்கும் சிஐயில் டிஎல்சியை ஓட்டுங்கள். ரீட்ரை முறையையோ லாக் எடுக்கும் வரிசையையோ மாற்றும் புல் ரிக்வெஸ்டில் ஸ்பெக் மாறவில்லை என்றால் மெர்ஜ் செய்யாதீர்கள்.